மிளகாயும் எரியும் பாதமும்
நீரிழிவு நரம்பு நோய்க்கான தாவர மருந்தொன்றின் வரலாறு

மூலிகை மருத்துவம் பற்றிய விவாதங்கள் எழும்போதெல்லாம் இருவகையான கருத்துகள் முன்வைக்கப்படுவது வழக்கம். தாவரங்களிலிருந்து பெறப்படும் மருந்துகள் இயற்கையானவை, ஆதலின் தீங்கற்றவை என்பர் ஒரு சாரார். அவை முன்னோரின் நம்பிக்கைகளே, விஞ்ஞானத்தின் முன் நிலைக்கமாட்டா என்பர் மறு சாரார். இவ்விரு சாராரும் பெரும்பாலும் செய்யத் தவறும் காரியம் ஒன்றுண்டு. குறித்த ஒரு தாவரம் குறித்த ஒரு நோய்க்கு எவ்வாறு மருந்தாயிற்று என்னும் வரலாற்றை அவர்கள் ஊன்றி நோக்குவதில்லை. நீரிழிவினால் நரம்புகளுக்கு ஏற்படும் சேதமும், அச்சேதத்தால் உண்டாகும் வேதனையைத் தணிக்க இன்று பயன்படும் மிளகாயும் இத்தகைய வரலாற்று நோக்கிற்கு மிகவும் பொருத்தமானவை. எரிவைத் தருவதற்கே பெயர்பெற்ற ஒரு காய், பாத எரிவுக்கு மருந்தாகிய வரலாறு அது.

நோயும் அதன் இரு முகங்களும்

யாழ்ப்பாண வழக்கிற் சலரோகம் எனவும் எழுத்து வழக்கில் நீரிழிவு எனவும் கூறப்படும் நோய், குருதியிற் குளூக்கோசின் அளவு மிகுந்து நிற்பதால் உண்டாவது என்பதை யாவரும் அறிவர். இந்நிலை பல்லாண்டுகள் நீடிக்குமாயின் நரம்புகளும் அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய குருதிக் குழாய்களும் சேதமடைகின்றன. உடலின் மிக நீண்ட நரம்புகளே முதலிற் பாதிக்கப்படுகின்றன. அவை முடிவடையும் இடம் கால் விரல்களாதலால் நோயும் அங்கேயே தொடங்கி மேனோக்கிப் பரவுகின்றது.

இந்நரம்பு நோய்க்கு இரு முகங்கள் உண்டு. ஒன்று வேதனை. பாதங்கள் நெருப்பிலிட்டாற்போல் எரிகின்றன. ஊசியாற் குத்துவது போன்ற வலி இரவில் மிகுகின்றது. சிலருக்குப் போர்வை தொடுவதும் பொறுக்க முடியாததாகின்றது. மற்றையது உணர்விழப்பு. முள் குத்தியதோ செருப்பு உரசியதோ தெரிவதில்லை. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டும் ஒரே மனிதரின் ஒரே பாதத்தில் ஒருங்கே காணப்படலாம் என்பதே இந்நோயின் விசித்திரம். சேதமுற்ற நரம்பு பொய்யான வேதனைச் செய்திகளை மூளைக்கு அனுப்பும் அதே வேளையில் உண்மையான செய்திகளை அனுப்பத் தவறுகின்றது.

பண்டைய இந்திய மருத்துவர்கள் இவ்விரண்டையும் கவனித்திருந்தனர். சரக சங்கிதை பிரமேகம் என்னும் நோய்த் தொகுதியின் முன்னறிகுறிகளைக் கூறுமிடத்து, கை கால்களில் உணர்வு மரத்தலையும் எரிவையும் சேர்த்தே குறிப்பிடுகின்றது. சிறுநீரை எறும்புகள் மொய்த்தலும் அவ்வறிகுறிகளுள் ஒன்றாகும். பிரமேகம் என்பது இன்றைய நீரிழிவிலும் பரந்த ஒரு வகுப்பு எனினும், இனிப்பு நீரும் எரியும் பாதமும் ஒரே பட்டியலில் இடம்பெற்றமை நோக்கத்தக்கது.

ஐரோப்பாவில் இத்தொடர்பு மிகவும் பிந்தியே உணரப்பட்டது. 1776 ஆம் ஆண்டில் மத்தியூ டொப்சன் நோயாளரின் சிறுநீரிலுள்ள இனிப்பு சர்க்கரையே என நிறுவினார். ஆயின் நரம்புக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவு தலைகீழாகவே விளங்கிக்கொள்ளப்பட்டது. 1849 ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் குளோட் பேர்னாட் விலங்குகளின் மூளையின் அடிப்பகுதியில் ஊசியாற் குத்தியபோது அவற்றின் சிறுநீரிற் சர்க்கரை தோன்றக் கண்டார். நரம்புத் தொகுதியின் கோளாறே நீரிழிவுக்குக் காரணம் என்ற எண்ணத்தை இது வலுப்படுத்திற்று. 1864 ஆம் ஆண்டில் மார்ஷல் த கால்வி என்பவரே இவ்வுறவைத் திருப்பி வைத்து, நீரிழிவே நரம்புச் சேதத்துக்குக் காரணம் எனக் கூறினார். 1885 ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் பிரடெரிக் பேவி நோயாளரின் கால்களில் இரவில் எழும் குத்தும் வேதனையை விரிவாக எடுத்துரைத்தார். 1921 ஆம் ஆண்டில் ரொறன்ரோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதன் பின்னர், முன்பு சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ இறந்திருக்கக்கூடிய நோயாளர் பலர் பல்லாண்டுகள் வாழலாயினர். அதனால் நரம்பு நோயும் முன்னிலும் பரவலாகத் தலைகாட்டிற்று. உயிரைக் காத்த மருந்து வாழ்நாளை நீட்டியபோது, அந்நாளின் வேதனைக்கு வேறொரு மருந்து தேடவேண்டியதாயிற்று.

புதிய உலகிலிருந்து வந்த காய்

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. தென் அமெரிக்காவின் எக்குவடோரில் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட குடியிருப்புகளில் மிளகாயின் மாப்பொருட் துணிக்கைகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. மெக்சிக்கோவில் அது உணவாகவும் மருந்தாகவும் பயன்பட்டது. தண்டனைக் கருவியாகவும் அது பயன்பட்டமைக்குச் சான்றுண்டு. சுட்ட மிளகாயின் புகையிற் பிள்ளையைப் பிடித்துத் தண்டிக்கும் தந்தையின் உருவம் 16 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மென்டோசா சுவடியில் வரையப்பட்டுள்ளது. மிளகாயின் இயல்பு வேதனை தருவதே என்பதை அம்மக்கள் நன்கறிந்திருந்தனர்.

மிளகைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் 1493 ஆம் ஆண்டு சனவரி மாதத்துத் தம் நாட்குறிப்பில் மிளகிலும் மேலான ஒரு காரப்பொருளாக இதனைக் குறித்துக்கொண்டார். அதன் பின்னர் இக்காய் பரவிய வேகம் வியப்புக்குரியது. 1542 ஆம் ஆண்டில் ஜேர்மானியத் தாவரவியலாளர் லியோன்ஹாட் பூக்ஸ் வெளியிட்ட நூலில் இது கள்ளிக்கோட்டை மிளகு எனப் பெயர் பெற்றுள்ளது. ஐம்பது ஆண்டுகளுக்குள் ஐரோப்பியர் அதன் பிறப்பிடத்தை மறந்து, அதனை இந்தியத் தாவரமெனவே கருதத் தொடங்கிவிட்டனர்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மிளகாய் போர்த்துக்கேயர் மூலமே வந்தது. மொழி இதற்குச் சான்று பகர்கின்றது. தமிழில் அது மிளகு, காய் என்னும் இரு சொற்களின் சேர்க்கையாற் பெயர் பெற்றது. பழைய காரப்பொருளின் பெயரையே புதியது கடனாகப் பெற்றது. சிங்களத்தில் மிளகைக் குறித்த மிரிஸ் என்னும் சொல்லை மிளகாய் கவர்ந்துகொள்ள, மிளகு கம்மிரிஸ் என வேறு பெயர் பெறவேண்டியதாயிற்று. சிறிய மிளகாயைக் குறிக்கும் கொச்சி, கொச்சிக்காய் என்னும் வழக்குகள் கொச்சித் துறைமுகத்தோடு தொடர்புடையன எனக் கருதுவர். நம் மருத்துவ மரபின் திரிகடுகம் சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றையுமே குறிக்கும். அதில் மிளகாய்க்கு இடமில்லை. இன்று தொன்றுதொட்டு வந்ததாகத் தோன்றும் இக்காய் நம் சமையலறையிற் சில நூற்றாண்டுகளே பழைமையானது. இயற்கை மருந்து என்பதும் பாரம்பரிய மருந்து என்பதும் எப்போதும் ஒன்றல்ல என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

வேதனையால் வேதனையைத் தணித்தல்

வலியுள்ள இடத்திற் காரமான பொருளைப் பூசி எரிவூட்டுவதால் உள்வலி தணியும் என்ற எண்ணம் பல நாட்டு மருத்துவங்களிற் காணப்படுவது. 19 ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவர்கள் இதனை எதிர் உறுத்தல் என்னும் கொள்கையாக வகுத்தனர். தோலில் உண்டாக்கப்படும் உறுத்தல் உள்ளேயுள்ள நோயை வெளியே இழுத்துவிடும் என அவர்கள் நம்பினர். 1850 ஆம் ஆண்டில் டப்ளினில் வெளியான குறிப்பொன்று பல்வலிக்கு மிளகாய்ச் சாராயச் சத்தைப் பரிந்துரைத்தது. பிரித்தானிய மருந்துக்கோவையிலும் இச்சத்து இடம்பெற்றது. மிளகாய்ச் சத்துப் பூசிய ஒட்டுப்பட்டைகளும் தைலங்களும் மேனாட்டு மருந்துக் கடைகளிற் பரவலாக விற்கப்பட்டன. இவற்றை வாங்கியோர் முதுகுவலியும் மூட்டுவலியும் தணியக் கண்டனர். ஆயின் ஏன் தணிந்தது என்பதற்கு அன்று கூறப்பட்ட காரணம் பிழையானது. பயன் உண்மையாயிருக்க விளக்கம் பொய்யாயிருத்தல் மருத்துவ வரலாற்றிற் புதுமையன்று.

இவ்விடத்தில் மூன்று வினாக்கள் எழுந்தன. காயில் எரிவைத் தருவது எது? அது எவ்வளவு உள்ளது? உடலில் அது என்ன செய்கின்றது? இவற்றுக்கு விடை காண ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

முதல் வினாவுக்கு இரசாயனவியலாளர் விடை தந்தனர். 1816 ஆம் ஆண்டில் ஜேர்மானியரான பூக்கோல்ஸ் மிளகாயின் காரப்பொருளைத் தூய்மையற்ற நிலையிற் பிரித்தெடுத்தார். 1876 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான ஜோன் திரெஷ் அதனைப் பளிங்கு வடிவிற் பெற்றுக் கப்சேசின் எனப் பெயரிட்டார். 1919 ஆம் ஆண்டில் நெல்சன் அதன் இரசாயனக் கட்டமைப்பை விளக்கினார். 1930 ஆம் ஆண்டில் அது ஆய்வுகூடத்திற் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. செடியிற் பிறந்ததும் ஆய்வுகூடத்திற் பிறந்ததும் ஒரே மூலக்கூறே.

இரண்டாவது வினா அளவு பற்றியது. ஒரு தோட்டத்து மிளகாய்க்கும் மறு தோட்டத்து மிளகாய்க்கும் காரத்திற் பெரும் வேறுபாடு உண்டு என்பதை எந்த இல்லத்தரசியும் கூறுவார். மருந்து செய்வோருக்கு இது பெருஞ் சிக்கலாயிற்று. 1912 ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்தாளர் வில்பர் ஸ்கோவில், மிளகாய்ச் சத்தைச் சர்க்கரை நீரிற் படிப்படியாகக் கரைத்து, எத்தனை மடங்கு கரைத்தபின் நாவிற் காரம் தெரியாது போகின்றது என அளக்கும் முறையை வகுத்தார். இன்று மிளகாய்களின் காரத்தை ஒப்பிட்டு வியக்கப் பயன்படும் இவ்வளவை, மருந்தின் அளவைச் சீராக்குவதற்கெனத் தோன்றியது என்பது பலராலும் மறக்கப்பட்டுவிட்டது.

மூன்றாவது வினாவே மிகவும் கடினமானது. அதற்கான விடையின் தொடக்கம் ஹங்கேரி நாட்டில் அமைந்தது. 1878 ஆம் ஆண்டில் என்ட்ரே ஹோக்யெஸ் மிளகாய்ச் சத்து உணர்வு நரம்புகளையே தாக்குகின்றது எனக் கூறினார். 1940களில் செகெட் நகர ஆய்வாளர் மிக்லோஸ் யாஞ்சோ ஒரு புதுமையைக் கண்டார். கப்சேசினைத் திரும்பத் திரும்பப் பெற்ற விலங்குகள் முதலில் வேதனையுற்றன; பின்னர் அப்பொருளுக்கு மட்டுமன்றி வேதனை தரும் பிற இரசாயனங்களுக்கும் உணர்வற்றவையாயின. ஆயின் தொடுகை உணர்ச்சி அவற்றில் மாறாதிருந்தது. எரிவூட்டும் பொருளே எரிவை உணரும் நரம்பு முனைகளை ஓயச் செய்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று. இவ்வாய்வுகளைத் தொகுத்துரைக்கும் முக்கிய கட்டுரை 1967 ஆம் ஆண்டில், யாஞ்சோ மறைந்த மறு ஆண்டில், அவர்தம் மனைவியினதும் மாணவரினதும் பெயர்களோடு வெளிவந்தது. எதிர் உறுத்தல் என்னும் பழைய கொள்கை இவ்வாறு வேறோர் அடிப்படையைப் பெற்றது.

சோதனையும் அதன் இலக்கங்களும்

விலங்கிற் கண்டது நீரிழிவு நோயாளருக்குப் பயன்படுமா என்பது அடுத்த வினா. 1991 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிற் பல மருத்துவ நிலையங்கள் இணைந்து நடத்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. வேதனை தரும் நரம்பு நோயுற்ற 252 நோயாளர் இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் 0.075 வீதம் கப்சேசின் கலந்த களிம்பையும் மறு பிரிவினர் கப்சேசின் கலவாத களிம்பையும் நாளொன்றுக்கு நான்கு முறை எட்டு வாரங்கள் பூசினர். மருத்துவர்களின் மதிப்பீட்டின்படி முதற் பிரிவில் 69.5 வீதத்தினர் வேதனை தணியப் பெற்றனர். மறு பிரிவிற் தணியப் பெற்றோர் 53.4 வீதத்தினர்.

இவ்விரண்டாவது இலக்கமே ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது. மருந்தில்லாத களிம்பைப் பூசியவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் குணம் கண்டனர். நம்பிக்கை, கவனிப்பு, நோயின் இயல்பான ஏற்ற இறக்கம் ஆகியன இதற்குக் காரணமாகலாம். இரண்டாம் பிரிவு இல்லாதிருந்தால் 69.5 வீதமும் மிளகாயின் புகழாகவே எண்ணப்பட்டிருக்கும். மிளகாயின் உண்மையான பங்கு இரு இலக்கங்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடே. அப்பங்கு சிறிதெனினும் பொய்யன்று. இன்னொரு குறையையும் ஆய்வாளர் உணர்ந்திருந்தனர். கப்சேசின் தோலை எரிப்பதால், தமக்குக் கிடைத்தது எக்களிம்பு என்பதை நோயாளர் பலர் ஊகித்திருத்தல் கூடும்.

மருந்து பயன்பட்டபோதும் விளக்கம் மேலும் மாறிற்று. நரம்பு முனைகளிலுள்ள பி பதார்த்தம் என்னும் பொருளைக் கப்சேசின் வெறுமையாக்குவதாலேயே வலி தணிகின்றது என 1970களின் இறுதியிலிருந்து பலர் கருதினர். 1997 ஆம் ஆண்டில் டேவிட் ஜூலியசும் அவர்தம் குழுவினரும் கப்சேசின் பற்றிக்கொள்ளும் வாங்கியை இனங்கண்டனர். ஏறக்குறைய 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தாலும் அதே வாங்கி தூண்டப்படுகின்றது. மிளகாய் சுடுகின்றது என நாவு கூறுவது வெறும் உவமையன்று. நரம்பளவில் இரண்டும் ஒரே செய்திதான். இக்கண்டுபிடிப்புக்காக ஜூலியஸ் 2021 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆர்டெம் பட்டபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். 2020 ஆம் ஆண்டில் 8 வீதம் கப்சேசின் கொண்ட ஒட்டுப்பட்டை, பாதங்களில் உண்டாகும் நீரிழிவு நரம்பு வேதனைக்கென ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பயிற்சி பெற்றோர் அதனைப் பாதத்தில் முப்பது நிமிடம் ஒட்டுவர்; மூன்று மாதத்துக்கு முன் மீண்டும் ஒட்டுவதில்லை. இவ்வளவு செறிவில் வேதனையை உணரும் நுண்ணிய நரம்பு முனைகள் தோலிலிருந்து பின்வாங்குகின்றன. பின்னர் மெல்ல மெல்ல வளர்ந்து திரும்புகின்றன. நீரிழிவு உடையோரில் அவ்வளர்ச்சி மேலும் தாமதமாகின்றது.

வலியின் மௌனம்

இங்கேயே இவ்வரலாற்றின் மிக முக்கியமான எச்சரிக்கை அடங்கியுள்ளது. மிளகாய் சேதமுற்ற நரம்பின் கூக்குரலை அடக்குகின்றது; அந்நரம்பைக் குணப்படுத்துவதில்லை.

வலி இல்லாமை எவ்வளவு கொடியது என்பதை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையவர். 1914 ஆம் ஆண்டிற் கொல்லிமலையிற் பிறந்த ஆங்கிலேயரான போல் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் சத்திர வைத்தியராகப் பணியாற்றியவர். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுகின்றன என்பதே அன்றைய பொதுவான எண்ணம். உணர்வற்ற கைகால்களிற் காயங்களும் தீப்புண்களும் கவனிக்கப்படாது மீண்டும் மீண்டும் ஏற்படுவதே அவ்வழிவுக்குப் பெருங்காரணம் என அவர் எடுத்துக்காட்டினார். 1966 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கார்வில் நகருக்குச் சென்ற பின்னர், நீரிழிவு நோயாளரின் பாதப் புண்களுக்கும் இதுவே காரணம் எனக் கண்டு, தொழுநோயாளருக்குச் செய்த பாதப் பாதுகாப்பு முறைகளை இவர்களுக்கும் பயன்படுத்தினார்.

இவ்வுண்மையை மிளகாயின் வரலாற்றோடு இணைத்து நோக்கினால் ஒன்று தெளிவாகும். நீரிழிவு நரம்பு நோயில் வலி நிற்பதற்கு இரு பொருள்கள் உண்டு. மருந்து வேலை செய்தமையால் அது நிற்கலாம். நரம்பு முற்றாக இறந்தமையாலும் அது நிற்கலாம். பல மாதங்கள் எரிந்த பாதம் ஒரு நாள் அமைதியடையும்போது, அக்காலத்தில் எந்தப் பச்சிலை பூசப்பட்டதோ அதுவே குணமாக்கிற்று என வீட்டார் மகிழ்தல் இயல்பு. அயலாரும் அதனைக் கேட்டுத் தாமும் கையாள்வர். எவரும் பொய் கூறவில்லை. எனினும் அவ்வனுபவச் சான்று முற்றிலும் தவறானதாயிருத்தல் கூடும். அமைதியடைந்த அப்பாதமே கோயில் வீதியின் கொதிமணலில் வெறுங்காலோடு நடந்து, கொப்புளம் எழுந்ததை அறியாது, புண்ணாகி, இறுதியிற் காலையே இழக்கக் காரணமாகின்றது. வீட்டில் அரைத்த மிளகாயை அளவறியாது உணர்வற்ற பாதத்திற் பூசுவதும், சுடுநீர் ஒத்தடம் கொடுப்பதும் இதே ஆபத்தை உடையன.

நரம்பைக் காக்கும் வழி எது என்பதற்கான தெளிவான சான்று 1993 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் முதலாம் வகை நீரிழிவுடைய 1,441 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட நீண்ட ஆய்வு, குருதிக் குளூக்கோசை இறுக்கமாகக் கட்டுப்படுத்துவதால் நரம்பு நோய் ஏற்றபடும் வாய்ப்பு ஏறத்தாழ 60 வீதம் குறைகின்றது எனக் காட்டிற்று. இரண்டாம் வகையில் இப்பயன் இத்துணை பெரிதன்று எனினும், கட்டுப்பாட்டின் இடத்தை எந்த மேற்பூச்சும் நிரப்பவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தொடக்கத்திற் குறிப்பிட்ட இரு சாராரும் இவ்வரலாற்றிலிருந்து பெறவேண்டிய பாடங்கள் உள்ளன. மூலிகையை இகழ்வோர், வேதனை தணியக் கண்ட மக்களின் அனுபவம் இல்லாதிருந்தால் யாஞ்சோவுக்கும் ஜூலியசுக்கும் வினாவே தோன்றியிராது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். மூலிகையைப் போற்றுவோர், மிளகாய் இயற்கையானது என்பதனால் மருந்தாகவில்லை என்பதை உணரவேண்டும். எது, எவ்வளவு, எவ்வாறு என்னும் வினாக்களுக்கு உட்பட்டு, மருந்தற்ற களிம்போடு ஒப்பிடப்பட்டு, தன் பயனின் எல்லையையும் ஒப்புக்கொண்ட பின்னரே அது மருந்தாயிற்று.

நம் நாட்டு மூலிகைகளுள் இத்தகைய விசாரணைக்குக் காத்திருப்பன பல. அவற்றை ஆராய முற்படுவோர் வலி தணிந்ததா என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. பாதத்தில் உணர்வு எஞ்சியுள்ளதா என்றும் கேட்கவேண்டும். முதல் வினாவுக்கு நோயாளரே விடை கூறுவார். இரண்டாவதற்கான விடையை அவர் அறியமாட்டாராதலின், ஒவ்வொரு நாளும் அவர்தம் பாதத்தைக் குனிந்து பார்க்க வேறொருவர் வேண்டும்.